ஷெல்பி டேடோனா கூப்பே: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் மேசை மேல் ஒரு சாண் நீளத்தில் நீல நிற மாடல் கார் ஒன்று இருக்கிறது. நடுவே இரண்டு வெள்ளைக் கோடுகள், பின்பக்கம் சட்டென்று வெட்டிவிட்டது போன்ற வால். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்காமல் வைப்பதில்லை. கார் பைத்தியம் பிடித்த நண்பர்களிடமிருந்தும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாகக் கொடுத்திருக்கிறேன்.

ஷெல்பி கோப்ரா, டேடோனா கூப்பே... ரெண்டும் ஒரே கார்தானா?

அடியில் ஒன்று, மேலே வேறு. கோப்ரா என்பது கூரையில்லாத, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அதே சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), அதே எஞ்சினை வைத்துக்கொண்டு, பந்தயத்துக்காக மட்டும் மூடிய பாடி ஒன்றைக் கட்டினார்கள். அதுதான் டேடோனா கூப்பே. கூப்பே என்றால் இரண்டு கதவும் கூரையும் உள்ள மூடிய கார்.

கோப்ராவைக் கடையில் வாங்கித் தெருவில் ஓட்டலாம். டேடோனாவை அப்படி யாருக்கும் விற்பதாக எண்ணமே இல்லை. 1964, 1965 என்று இரண்டே பருவங்கள் ஓடிவிட்டு நின்றுபோன கார் இது.

மொத்தம் எத்தனை கார் செஞ்சாங்க?

ஆறு. அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் சேசிஸ் எண் உண்டு: சிஎஸ்எக்ஸ் 2286, 2287, 2299, 2300, 2601, 2602. இதில் முதலில் முடிந்தது 2287. அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அது மறுபடி மறுபடி வரும்.

ஷெல்பிங்கிறது கம்பெனியா, ஆளா?

இரண்டும். கரோல் ஷெல்பி டெக்சாஸ் மாநிலத்துக்காரர். ஒரு காலத்தில் கோழிப்பண்ணை வைத்து நஷ்டப்பட்டவர். பண்ணையில் போட்டுக்கொள்ளும் கோடு போட்ட உடையோடே பந்தயத்துக்கு வந்து பெயர் வாங்கியவர். 1959-ல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ராய் சால்வடோரியுடன் சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் காரில் வென்றார். ஆனால் இதயக் கோளாறு இருந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டிய மனிதர் 1960-ல் ஓட்டுவதையே விட வேண்டியதாயிற்று.

ஓட்ட முடியாவிட்டால் கட்டுவோம் என்று இறங்கினார். இங்கிலாந்தின் ஏசி என்ற சின்ன நிறுவனம் ‘ஏஸ்’ என்றொரு இலகுவான கார் செய்துகொண்டிருந்தது. அதற்கு எஞ்சின் கொடுத்துவந்த பிரிஸ்டல் தன் எஞ்சினை நிறுத்திவிட்டது. அதே சமயம் ஃபோர்டிடம் சிறிய, எடை குறைந்த வி8 எஞ்சின் ஒன்று புதிதாக வந்திருந்தது. ஷெல்பி இரண்டு பேரிடமும் பேசினார். 1962-ல் கோப்ரா பிறந்தது. கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் இருந்த அவர்களுடைய பட்டறையும் புதிதல்ல. ஸ்கேரப் என்ற பந்தயக் கார் செய்துவந்த லான்ஸ் ரெவென்ட்லோவின் இடம் அது.

கோப்ராவே வேகமான வண்டிதானே? அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?

வேகமாகக் கிளம்புவது வேறு, வேகத்திலேயே போய்க்கொண்டிருப்பது வேறு. வளைவுகள் நெருக்கமாக உள்ள அமெரிக்கத் தடங்களில் கோப்ராவைப் பிடிக்க ஆளில்லை. ஐரோப்பாவில் நீளமான நேர்ச்சாலைகள். லெ மான்ஸில் மட்டும் முல்சான் என்ற நேர்ச்சாலை ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அதில் கோப்ரா மணிக்கு 255 கிலோமீட்டர் அளவில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். திறந்த பாடி, நிமிர்ந்த கண்ணாடி. எஞ்சின் தருகிற சக்தியெல்லாம் காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடும்.

எதிரில் நின்றது ஃபெராரி 250 ஜிடிஓ. 3 லிட்டர் எஞ்சின், சுமார் 300 குதிரைத்திறன். கோப்ராவுக்கு அதைவிட சக்தி அதிகம். இருந்தும் நேர்ச்சாலையில் ஃபெராரி ஒதுங்கிக் கடந்து போய்விடும். 1963 லெ மான்ஸில் தற்காலிகக் கூரை போட்ட கோப்ரா ஒன்று 7-ஆம் இடம் வந்தது. நல்ல முடிவுதான், ஆனால் அதற்கு மேல் போக வழியில்லை என்பதையும் அதுவே காட்டிவிட்டது.

ஜிடி பிரிவுல ஓடணும்னா 100 கார் செஞ்சிருக்கணும்னு விதி இருக்கே. ஆறு காரை எப்படி விட்டாங்க?

ஜிடி என்பது வாங்கி ஓட்டக்கூடிய கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயப் பிரிவு. விதி அப்படித்தான். ஆனால் அதற்குள் இன்னொரு வரியும் இருந்தது: ஏற்கெனவே அனுமதி பெற்ற காரின் சேசிஸும் எஞ்சினும் அப்படியே இருந்தால், பாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கோப்ரா தேவையான எண்ணிக்கையைத் தாண்டி அனுமதி பெற்றிருந்தது. அந்த அனுமதியின் நிழலில்தான் டேடோனா ஓடியது.

இதை ஏமாற்று வேலை என்று சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். 250 ஜிடிஓ மட்டும் நூறு செய்தார்களா? நாற்பதைக்கூட எட்டவில்லை. பழைய 250 ஜிடியின் மாற்றுப் பாடி என்று சொல்லித்தான் ஃபெராரி அதற்கு அனுமதி வாங்கியது. ஷெல்பி எடுத்தது ஃபெராரி நடந்த அதே வழியை.

டிசைன் பண்ணது ஷெல்பிதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவாவது இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். வடிவமைத்தவர் பீட்டர் பிராக். ஷெல்பி அமெரிக்கன் நிறுவனத்தில் முதலில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர் அவர். ஷெல்பியின் கார் ஓட்டும் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். அதற்கு முன் ஜெனரல் மோட்டார்ஸில் மிக இளம் வயதிலேயே வடிவமைப்பாளர். 1957-ல் அங்கே அவர் வரைந்த ஒரு படத்திலிருந்துதான் 1963 கார்வெட் ஸ்டிங் ரே வளர்ந்தது. டேடோனாவை வரைந்தபோது அவருக்கு 27 வயதுகூட நிரம்பியிருக்குமா என்கிற அளவுதான்.

படத்தைப் பார்த்த பட்டறைக்காரர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. தலைமைப் பொறியாளர் ஃபில் ரெமிங்டன் கையால் எதையும் செய்துவிடக்கூடிய மேதை. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. ஷெல்பி அழைத்து வந்து காட்டிய விமானத் துறை நிபுணர் ஒருவரும், வாலை இன்னும் நீட்டாவிட்டால் இது வேலைக்கு ஆகாது என்றார். பிராக் பக்கம் உறுதியாக நின்றவர் கென் மைல்ஸ். இங்கிலாந்திலிருந்து வந்த ஓட்டுநர், ஷெல்பியின் சோதனை ஓட்டங்களுக்கெல்லாம் பொறுப்பாளர். கூடவே ஜான் ஓல்சன் என்ற நியூசிலாந்து மெக்கானிக். இந்த மூவரும் இல்லாவிட்டால் படம் படமாகவே இருந்திருக்கும். ஷெல்பிக்குப் பெருமை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. எல்லோரும் வேண்டாம் என்றபோது, சரி, செய் என்று விட்டது அவர்தான்.

பின்னாடி ஏன் கத்தியால வெட்டின மாதிரி இருக்கு? அழகுக்கா?

அழகு தானாக வந்தது. காரணம் காற்று. காற்றைக் குறைவாகக் கலைக்கிற வடிவம் நீர்த்துளி போன்றது: முன்னால் உருண்டை, பின்னால் மெல்ல மெல்லக் குறுகி முடிகிற நீண்ட வால். காருக்கு அவ்வளவு நீள வால் வைத்தால் எடை கூடும், வளைவில் திரும்பாது. 1930-களில் ஜெர்மனியில் வுனிபால்ட் காம் என்ற பொறியாளரும் அவரோடு இருந்தவர்களும் ஒன்றைக் கண்டார்கள். வாலைச் சரியான சரிவில் தொடங்கி, ஓரளவு குறுகியதும் செங்குத்தாக வெட்டிவிட்டால், நீண்ட வாலின் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. வெட்டிய இடத்துக்குப் பின்னால் வால் இன்னும் இருப்பதுபோலவே காற்று நடந்துகொள்கிறது.

பிராக் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த காலத்திலேயே அந்தக் கட்டுரைகளைப் படித்திருந்தார். டேடோனாவின் நீண்ட கூரைச் சரிவும் வெட்டுப்பட்ட வாலும் அங்கிருந்து வந்தவை. காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்க்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை.

இன்று பின்பக்க விளிம்பில் தெரியும் நிமிர்ந்த தகடு முதல் நாள் வரவில்லை. 1964-ல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஓட்டிய ஃபில் ஹில், அதிவேகத்தில் பின்சக்கரங்கள் தரையை விடுவதுபோல் இருக்கிறது என்று சொன்னார். அங்கேயே ஒரு தகட்டை வளைத்து ஆணியடித்துச் சேர்த்தார்கள். பின்பு எல்லாக் கார்களிலும் அது நிலைத்துவிட்டது.

90 நாள்ல கட்டிட்டாங்களாமே, நம்புற மாதிரியா இருக்கு?

நம்பலாம். புதிய காரை அடியிலிருந்து செய்யவில்லை என்பதை மறக்கக்கூடாது. சேசிஸ் ஒரு இடம், பாடி கட்டுவது இன்னொரு இடம் என்பது லாரி, பஸ் பார்த்து வளர்ந்த நமக்குப் புதிய விஷயமும் இல்லை.

அவர்கள் செய்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். கூடு இல்லாத கோப்ரா சேசிஸில் ஒரு சீட்டைப் போட்டு, கென் மைல்ஸை உட்கார வைத்தார் பிராக். அவர் கண் எங்கே வருகிறது, கை எங்கே வருகிறது என்று பார்த்து, அவரைச் சுற்றி வடிவத்தை வளர்த்தார். பிறகு பிளைவுட் பலகைகளை வெட்டி அச்சு செய்து, அதன்மேல் அலுமினியத் தகடுகளை வளைத்து எடுத்தார்கள். மைல்ஸ் இன்னொரு காரியம் செய்தார். கோப்ராவின் அடிச்சட்டம் இரண்டு பருத்த குழாய்களால் ஆன ஏணி போன்றது, வளைவில் முறுக்கிக்கொள்ளும். கூரையைத் தாங்கவென்று வைத்த மெல்லிய குழாய்களை அந்தச் சட்டத்தோடு பின்னலாக இணைத்ததில் முறுக்கு வெகுவாகக் குறைந்தது. வேகம் கூடியதற்கு பாடியின் வடிவத்தை மட்டும் காரணம் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

1964 பிப்ரவரி 1 அன்று ரிவர்சைட் தடத்தில் முதல் ஓட்டம். கோப்ராவின் சாதனை நேரத்தைவிட மூன்றரை நொடி குறைவாகச் சுற்றி வந்தார் மைல்ஸ். பந்தயத்தில் மூன்றரை நொடி என்பது ஒரு யுகம். அன்றைக்குப் பிறகு பட்டறையில் யாரும் பிராக்கின் வடிவத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

எஞ்சின் புதுசா போட்டாங்களா?

இல்லை, போடவும் கூடாது. மேலே சொன்ன விதி அதைத்தான் கட்டுப்படுத்தியது. கோப்ராவில் இருந்த அதே 289 கன அங்குல ஃபோர்டு வி8, நம் கணக்கில் 4.7 லிட்டர். வார்ப்பிரும்புக் கட்டை, தள்ளுகோல் வைத்த பழைய பாணி. நான்கு வெபர் கார்புரேட்டர் போட்டுப் பந்தயத்துக்குத் தயார் செய்ததில் சுமார் 385 குதிரைத்திறன். நான்கு கியர். சஸ்பென்ஷன் ஏசி நாட்களிலிருந்து வந்த குறுக்குப் பட்டை வில்.

அதே எஞ்சினில் முன்பு 255-ல் முட்டி நின்ற வண்டி இப்போது 300 கிலோமீட்டரைத் தொட்டது. பெட்ரோலும் குறைவாகக் குடித்தது. 24 மணி நேரப் பந்தயத்தில் ஒவ்வொரு முறை நிற்காமல் மிச்சப்படுத்துவதும் வேகம்தான்.

டேடோனாங்கிற பேரு அங்க ஜெயிச்சதாலயா?

ஜெயிக்கவில்லை. ஃபுளோரிடாவின் டேடோனாவில் முதல் பந்தயம் ஓடியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1964 பிப்ரவரி, 2000 கிலோமீட்டர் பந்தயம். பாப் ஹோல்பர்ட்டும் டேவ் மெக்டொனால்டும் 2287-ஐ ஓட்டி முன்னணியில் இருந்தார்கள். பெட்ரோல் போட நிறுத்தினபோது, சூடேறிக் கிடந்த பின் டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) மேல் பெட்ரோல் சிந்தித் தீப்பிடித்தது. அந்த நேரம் காருக்கு அடியில் வேலையாக இருந்தவர் ஜான் ஓல்சன், மேலே சொன்ன அதே மெக்கானிக். தீக்காயம் பட்டார். கார் அத்தோடு விலகியது. அன்று வென்றது ஃபெராரி ஜிடிஓ. ஓட்டியவர்களில் ஒருவர் ஃபில் ஹில். சில மாதங்கள் கழித்து ஸ்பாவில் டேடோனா ஓட்டியவரும் அவர்தான்.

அடுத்த மாதமே செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் அதே 2287, அதே ஜோடி. ஜிடி பிரிவில் முதலிடம், மொத்தத்தில் 4-ஆம் இடம். அந்த வெற்றிக்கு இரண்டு மாதம் கழித்து மெக்டொனால்ட் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் தீ விபத்தில் இறந்துபோனார். முதல் வெற்றியைத் தந்த கை அவருடையது. டேடோனா கதை சொல்லும் பலரும் அவர் பெயரைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தம்.

லெ மான்ஸ்ல ஃபெராரியை அடிச்சதுன்னு சொல்றீங்க. 1964-ல ஜெயிச்சது ஃபெராரின்னுதானே போட்டிருக்கு?

இரண்டும் சரி. லெ மான்ஸில் ஒரே தடத்தில் பல பிரிவுக் கார்கள் சேர்ந்து ஓடும். முழுக்க முழுக்கப் பந்தயத்துக்கென்றே செய்த புரோட்டோடைப் கார்கள் ஒரு பிரிவு, ஜிடி இன்னொரு பிரிவு. அந்த ஆண்டு மொத்தத்தில் முதல் மூன்று இடமும் ஃபெராரியின் புரோட்டோடைப்களுக்கு. 4-ஆவதாக வந்தது டான் கர்னியும் பாப் பாண்டுரன்ட்டும் ஓட்டிய டேடோனா, எண் 2299. ஜிடி பிரிவில் அதுதான் முதல். 5-ஆம், 6-ஆம் இடங்களில் ஃபெராரி ஜிடிஓக்கள்.

சும்மா வந்த வெற்றியும் இல்லை. நடுவில் ஆயில் கூலர் கெட்டுப்போனது. அதை ஒதுக்கிவிட்டு எண்ணெய் கொதிக்கக் கொதிக்க, வேகத்தைக் குறைத்துக் காரைக் காப்பாற்றி ஓட்டினார்கள். இன்னொரு டேடோனா, நம் 2287, கிறிஸ் ஏமனும் யோகன் நீர்பாஷும் ஓட்டியது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி பேட்டரி இறங்கி நின்றது. வெளி பேட்டரி வைத்துக் கிளப்பினார்கள். விதிப்படி அது குற்றம், தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள்.

அவ்வளவு நல்லா ஓடியும் 1964 பட்டம் ஏன் கிடைக்கல? ஃபெராரி சதி பண்ணிட்டாங்களா?

இங்கே பட்டம் என்பது, ஆண்டு முழுக்கப் பல பந்தயங்களில் சேர்க்கும் புள்ளிகளை வைத்து ஜிடி பிரிவில் கார் நிறுவனங்களுக்குத் தரும் உலகப் பட்டம். முதலில் சொந்தத் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாவில் பெட்ரோல் டேங்கில் குப்பை அடைத்துக்கொண்டு வண்டி திக்கியது. பிரான்சின் ரேம்ஸ் 12 மணி நேரப் பந்தயத்துக்குப் போன இரண்டும் முடிக்கவில்லை. டூர் தெ ஃபிரான்ஸுக்கு (சைக்கிள் இல்லை, அதே பெயரில் நடந்த கார் பந்தயம்) மூன்று கார் போய் மூன்றும் பாதியில் நின்றன. இடையில் இங்கிலாந்தின் குட்வுட்டில் கர்னி ஜிடி பிரிவை வென்றார். ஆக, பருவக் கடைசியில் ஃபெராரியை எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

மிச்சமிருந்த வாய்ப்பு இத்தாலியின் மோன்ஸா. அதே சமயம் ஃபெராரி தன் புதிய 250 எல்எம் காரை ஜிடி என்று பதியச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது. நூறு கார் இல்லை என்று சர்வதேச அமைப்பு மறுத்துவிட்டது. அந்தச் சண்டையில் மோன்ஸா பந்தயம் பட்டக் கணக்கிலிருந்தே விழுந்தது. ஓட வேண்டிய பந்தயம் இல்லை, புள்ளியும் இல்லை. சொற்ப வித்தியாசத்தில் பட்டம் ஃபெராரிக்கு. சதி என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். ஆனால் ஷெல்பியின் ஆட்கள் தடத்தில் தோற்கவில்லை என்று நினைத்ததில் நியாயம் இருக்கிறது.

ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரிக்கும் கோபம் அடங்கவில்லை. இத்தாலிய மோட்டார் சங்கம் தன் பக்கம் நிற்கவில்லை என்று பந்தய உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஆண்டின் கடைசி இரண்டு ஃபார்முலா 1 பந்தயங்களில் ஃபெராரி சிவப்பை விட்டுவிட்டு அமெரிக்க வண்ணமான நீலம்-வெள்ளையில் ஓடியது. ஃபெராரி ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அந்த ஆண்டு உலகப் பட்டம் வென்றது அந்த வண்ணத்தில்.

1965-ல ஃபெராரி சரியா வரவே இல்லையாமே. அப்போ அந்தப் பட்டம் பெரிய விஷயமா?

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம் இது. 1965-ல் எல்எம் பிரச்சினை தீராததால் ஃபெராரி ஜிடி பட்டத்துக்கு முழு மனதோடு போராடவில்லை. எதிரில் பெரும்பாலும் தனியார் அணிகளின் கார்கள்தான். ஐரோப்பாவில் டேடோனாக்களைப் பராமரித்து ஓட்டியது ஆலன் மான் என்பவரின் பிரிட்டிஷ் அணி. செப்ரிங்கில் தடம் ஏரியாக மாறிய மழையிலும் பாண்டுரன்ட்டும் ஜோ ஷ்லெஸரும் பிரிவை வென்றார்கள். பிறகு பாண்டுரன்ட் ஓட்டிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளி சேர்த்தன. ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திர நாளில், ரேம்ஸில் பட்டம் உறுதியானது. உலக அளவிலான இந்தப் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்க நிறுவனம் ஷெல்பி.

அதே ஆண்டு லெ மான்ஸில் என்ன நடந்தது? போன டேடோனாக்களில் ஒன்றுதான் முடித்தது, 8-ஆவதாக. ஜிடி பிரிவை ஃபெராரி 275 ஜிடிபி ஒன்று வென்றது. எனவே கோப்பையை வைத்துப் பார்த்தால் 1965 பெரிது. என்னைக் கேட்டால், ஜிடிஓக்கள் முழு பலத்தோடு எதிரே நின்ற 1964 லெ மான்ஸ்தான் இந்தக் காரின் உண்மையான நாள்.

ஜெயிச்ச காரை ஏன் உடனே நிறுத்தணும்?

ஃபோர்டுக்கு ஜிடி பிரிவு போதவில்லை. லெ மான்ஸை மொத்தமாக வெல்ல வேண்டும் என்று ஜிடி40 என்ற காரைக் கட்டியிருந்தது. 1964-ல் அது சரியாக ஓடாததால் அந்த வேலையை ஷெல்பியிடம் ஒப்படைத்தது. பட்டறையின் ஆட்கள், நேரம், பணம் எல்லாம் அந்தப் பக்கம் போயின. 1966-ல் ஃபோர்டு லெ மான்ஸை வென்றது. அதே ஆகஸ்டில் ரிவர்சைடில் அடுத்த காரைச் சோதிக்கும்போது கென் மைல்ஸ் உயிரிழந்தார். டேடோனாவை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அதே தடம்.

நம் 2287-க்குக் கடைசியாக ஒரு வேலை இருந்தது. 1965 நவம்பரில் அதை போன்னவில் உப்புப் பாலைக்கு எடுத்துப் போனார்கள். டயர் கம்பெனியான குட்இயர் அந்த இடத்தைத் தன் பெயரில் பிடித்து வைத்திருந்தது. தடம் சும்மா இருந்தால் போட்டி டயர் கம்பெனியின் ஆள் வந்து வேகச் சாதனையை முறியடித்துவிடுவார், அதனால் ஏதாவது ஒரு கார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடத்தைப் பிடித்துவைக்கப் போன கார், கிரெய்க் பிரீட்லவ் கையில் 20-க்கும் மேற்பட்ட வேக, தூரச் சாதனைகளோடு திரும்பியது.

இத்தாலியில செஞ்ச காரை அமெரிக்கக் கார்னு எப்படிச் சொல்றது?

2287 மட்டும் முழுக்கக் கலிஃபோர்னியாவில் முடிந்தது. மற்ற ஐந்தின் பாடியையும் கட்டியது மோடெனா நகரின் கிரான்ஸ்போர்ட் என்ற பட்டறை. வெனிஸ் பட்டறையில் ஆள் போதவில்லை, மோடெனாவில் அலுமினியத்தைக் கையால் தட்டிப் பாடி கட்டும் கைகாரர்கள் நிறைய இருந்தார்கள். ஃபெராரியைத் தோற்கடிக்கப் போகும் காரின் பாடி, ஃபெராரியின் ஊருக்குப் பக்கத்திலேயே உருவானது. அங்கே செய்தவற்றில் கூரை சற்று உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் 2287 மட்டும் கொஞ்சம் தாழ்ந்து தெரியும்.

சேசிஸ் இங்கிலாந்து, எஞ்சின் அமெரிக்கா, பாடி இத்தாலி. ஆனால் வரைந்ததும், பொறுப்பேற்றதும், பெயர் பதிந்ததும் ஷெல்பி அமெரிக்கன்.

ஏசி கம்பெனியும் இதே மாதிரி ஒரு கூப்பே செஞ்சதே, அது ஏழாவது டேடோனாவா?

இல்லை. அது ஏசி தன் விருப்பத்துக்கு 1964-ல் தனியாகச் செய்த ஒரே ஒரு கார், ஏ98. வடிவமும் வேறு. லெ மான்ஸுக்கு முன் இங்கிலாந்தின் எம்1 நெடுஞ்சாலையில் மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் பார்த்ததால் பத்திரிகையில் வந்தது. லெ மான்ஸில் டயர் வெடித்துப் பெரிய விபத்து. பார்வையாளர்கள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். படத்தில் பார்த்துக் குழம்புகிறவர்கள் வாலைப் பாருங்கள். டேடோனாவின் வெட்டு அதில் அவ்வளவு கூர்மையாக இருக்காது.

ஒரு கார் 30 வருஷம் காணாமப் போச்சுன்னு சொல்றாங்களே, கதையா?

உண்மை, அதுவும் 2287. பந்தயம் முடிந்ததும் ஆறு கார்களும் யாருக்கும் வேண்டாத பழைய வண்டிகள் ஆயின. 2287 பொம்மைக் கார் நிறுவனம் நடத்தியவர் ஒருவரிடம் போய், அவரிடமிருந்து இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் போனது. அவர் அதைத் தெருவில் ஓட்டினார். அந்தச் சூட்டையும் சத்தத்தையும் வைத்துக்கொண்டு எப்படி ஓட்டினாரோ. பிறகு ஸ்பெக்டரிடம் வேலை பார்த்தவர் ஒருவர் மூலம் அந்த ஊழியரின் குடும்பத்துக்குப் போய், 1970-களின் தொடக்கத்திலிருந்து தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு கிடங்கில் பூட்டிக் கிடந்தது. பல பேர் தேடி வந்து கேட்டும் அதை வைத்திருந்த அந்தக் குடும்பத்துப் பெண் விற்கவில்லை. 2000-ல் அவர் இறந்தார். அதன் பிறகே கார் வெளியே வந்தது, உடனே யாருக்குச் சொந்தம் என்று வழக்கும் வந்தது.

கடைசியில் அதை வாங்கியவர் பிலடெல்பியாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஃபிரெட் சிமியோன். அவர் செய்த நல்ல காரியம், புதிதாக்கவில்லை. பெயிண்ட் உரிந்த இடமும் தகடு நெளிந்த இடமும் அப்படியே இருக்கின்றன. அவர் உருவாக்கிய அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். 2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதலாவதாக இடம்பெற்ற கார் இதுதான்.

இன்னைக்கு ஒண்ணு வாங்கணும்னா என்ன விலை?

ஆறும் இன்றும் இருக்கின்றன, ஆனால் சந்தைக்கு வருவதே அபூர்வம். 2009-ல் 2601 ஏலத்தில் 72.5 லட்சம் டாலருக்குப் போனது. 1965-ல் ரேம்ஸில் பட்டத்தை முடித்துக்கொடுத்த வண்டி அது. அன்றைய விலையை வைத்து இன்றைய மதிப்பைக் கணக்குப் போடாதீர்கள், அதன்பின் இந்தச் சந்தை வெகுதூரம் போய்விட்டது.

அப்போ யூடியூப்ல தெருவுல ஓடுற டேடோனா எல்லாம்?

பிற்காலத்தில் செய்தவை. பல நிறுவனங்கள் நகல் செய்கின்றன. அவற்றில் மதிக்கத்தக்கது சூப்பர்ஃபார்மன்ஸ் என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவில் தயாராவது, ஏனென்றால் அதை வடிவமைக்க பீட்டர் பிராக்கையே கூப்பிட்டார்கள். உள்ளே சற்று இடம் கூட்டி, தெருவில் ஓட்டத் தக்கபடி அவர் திருத்தித் தந்தார். அசல் காரில் ஓட்டுநர்களின் பெரிய புகார் சூடு. கண்ணாடியும் கூரையும் சூழ்ந்த சின்ன இடத்தில் எஞ்சின் வெப்பம் மொத்தமும் காலடியில் இறங்கும்.

ஃபெராரியிலயும் டேடோனான்னு ஒரு கார் இருக்கே, அதுக்கும் இதுக்கும் என்ன உறவு?

ஊர்ப் பெயரைத் தவிர ஒன்றுமில்லை. அந்தக் காரின் சரியான பெயர் 365 ஜிடிபி/4. 1968-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி முதல் மூன்று இடத்தையும் பிடித்தது, அதை நினைத்து மக்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. என் மேசையில் இருப்பது அது இல்லை.